டீச்சரம்மா பிடித்த கை

சேற்றைத் தாண்டியதும் கையை விட்டுவிடுவார்கள் என்றுதான் முத்தம்மா நினைத்தாள். விடவில்லை. காய்ந்த மணலிலும் அவள் புருஷன் சின்னதுரையின் கை ஹேமாம்புஜம் டீச்சரின் கையில்தான் இருந்தது.

படகின் அடுப்பில் மடவை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முத்தம்மா கரண்டியை ஓங்கிச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

மெட்ராஸுக்கு உப்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த பழைய படகு அது. கால்வாயில் சரக்கு குறைந்துபோகவே, முதலாளி அதற்குப் பாய்க்கூரை வேய்ந்து உள்ளே கட்டில்கள் போட்டுவிட்டார். லீவு நாட்களில் பட்டணத்து ஆட்கள் வருவார்கள். பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை ஏரிக்கரையோரமாக நாலு நாள் நடை, ராத்திரிப் படுக்கை படகில்.

வழிகாட்டி சின்னதுரை. சமையல் முத்தம்மா. படகைத் தள்ளுகிறவன் வரதன். இந்த வேலை கிடைத்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்கு நாற்று நடப் போகவில்லை. அவர்களுக்கு வீடும் அந்தப் படகுதான்.

திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஹேமாம்புஜம் முதலில் தீபாவளி லீவுக்கு வந்தாள். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இப்போது பொங்கலுக்கும் வந்து நிற்கிறாள்.

"பூநாரை பாக்கத்தான் இம்மாந்தூரம் வருதா அது?" என்றாள் முத்தம்மா.

வரதன் கழியை ஊன்றிவிட்டுச் சிரித்தான். "பண்டிகை நாள்ல ஊட்டை வுட்டுட்டு இங்க வந்துக்குதுன்னா, வேற இன்னாவோ கீது அண்ணி."

முத்தம்மா கரையையே பார்த்தாள். மற்ற விருந்தாளிகள் பின்னால் வர, டீச்சர் அரை அடி முன்னால் நடந்தாள். வாய் ஓயாமல் அவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அவன் தலையாட்டிக்கொண்டே கூடப் போனான். அப்படி என்னதான் பேசுவாளோ!

சின்னதுரை முன்போல இல்லை. முன்பெல்லாம் கரையிலிருந்தே அவளைப் பார்த்துக் கையை ஆட்டுவான். இப்போது அவள் ஆட்டினாலும் பேசாமல் நிற்கிறான். நேற்று படகின் நடுவில் கிடந்த தண்ணீர் வாளியில் இடறி விழப்பார்த்தான்.

"நெனப்பு எங்க கீது உனுக்கு?" என்று கேட்டாள்.

"தூக்கக் கலக்கம்மே, வேற ஒன்னுமில்ல."

பொன்னேரிச் சந்தையில் வாங்கிய சிவப்புச் சேலையை அன்று சாயங்காலம் கட்டிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். அவன் சாப்பிட்டான். குழம்பு நல்லாயிருக்கிறது என்றான். கை கழுவிக்கொண்டு படுத்துவிட்டான். சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்றைக்கு இதை விடுவதில்லை என்று முத்தம்மா முடிவு செய்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளிகள் படகில் கண்ணயர்ந்தார்கள். புருஷனையும் டீச்சரையும் காணவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கரையில் இறங்கினாள்.

சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் வெயிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மணலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவர்கள் பேச்சு அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"முத்தம்மா கிட்ட இனிமே மறைக்கக் கூடாது, சின்னதுரை."

"சொன்னா அது தாங்காது டீச்சர். இன்னும் ஒரு வாட்டி பொறுத்துக்கங்க."

"நான் எத்தனை வாட்டிதான் வர முடியும்?"

"நீங்க இல்லாங்காட்டி என்னால ஒரு அடி எடுத்து வெக்க முடியுமா?"

முத்தம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று போய் அவர்களுக்கு முன்னால் நின்றாள்.

டீச்சர் பதறி எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

முத்தம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் புருஷனுக்கு நேரெதிரே நின்று அவன் முகத்தையே முறைத்தாள். பட்டப்பகல். அவன் முகத்தில் பயம் வரட்டும், வெட்கமாவது வரட்டும் என்று காத்திருந்தாள்.

சின்னதுரை மெதுவாக எழுந்தான். முகத்தை அவள் பக்கம் நேராகத் திருப்பினான். பட்டணத்து விருந்தாளிகளுக்குக் காட்டும் மரியாதைச் சிரிப்போடு இரண்டு கைகளையும் கூப்பினான்.

"யாரு டீச்சர் வந்துக்கிறாங்க?"