சுற்றுவழி

நிரோஷன் சைக்கிளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தான். டெலிவரி வேலையில் அவனுக்கு இது முதல் வாரம்.

"இந்த ஃபோனுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குங்க அக்கா. ஃபேக்டரிக்குக் கீழ் ரோட்டுல நேராப் போயிரலாம். இது என்னைய மேட்டுல ஏத்தி, ஒங்க வாசலச் சுத்தி எறக்குது."

தண்ணீர் கொடுத்தேன். அவன் கதை கேட்கும் நிலையில் நான் இல்லை. மாலையில் வட்டவளையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சம்மதமா என்று அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள். சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

வேறென்ன செய்ய? ஜீவராஜ்தான் வாயே திறக்காமல் கொழும்புக்குப் போய்விட்டானே.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் மஸ்கெலியாவில் இந்தச் சைக்கிள் டெலிவரி தொடங்கியது. அப்போது ஓட்டியது அவன் ஒருவன்தான். தினமும் வருவான். என் தையலுக்கு நூல், ஜிப், கொக்கி எல்லாம் டவுனிலிருந்து வாங்கி வருவான். நீலம் கேட்டால் பச்சை கொண்டுவருவான். திட்டினால் மறுநாள் மாற்றிக்கொண்டு வந்து நிற்பான். கண் தெரியாதா உனக்கு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

எதற்கு இவ்வளவு சிரமம் என்றால், போகிற வழிதானே என்பான். கீழ் ரோட்டில் லொறித் தொல்லை, சைக்கிளுக்கு இதுதான் பாதை என்பான். நானும் நம்பினேன்.

என்ன காலம் அது! மெஷினை மிதித்துக்கொண்டே காதை வாசலில் வைத்திருப்பேன். இப்போதும் சைக்கிள் மணி கேட்டால் பாழாய்ப்போன கால் தானாக நின்றுவிடுகிறது.

கிளம்பும்போதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். ம்ஹூம். மரமண்டை.

"அப்ப ஃபோன் ஏன் இந்த வழியக் காட்டுது?" என்று நிரோஷனிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

"ஓட்டுறவங்க போற வழியப் பாத்துத்தான் அது கத்துக்குமாம். மொதல்ல இருந்த அண்ணன் தெனம் இப்படியே சுத்தியிருக்காரு. ஒரு நாள்கூடக் கீழ் ரோட்டுல போகலயாம். அதுவும் இதுதான் வழின்னு நெனச்சிருச்சி."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் எழுந்து உள்ளே போனேன்.

கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் இன்று வீட்டிலிருந்த அம்மா, பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அவங்கள வரவேணாம்னு சொல்லிரும்மா."

"ஜீவராஜா?" என்றாள் அம்மா, நிமிராமலே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"மேல் மலையில நின்னா ரெண்டு ரோடும் தெரியும்டி. அந்தப் பய நல்ல ரோட்ட விட்டுட்டு, மேட்டுல சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றத, கொழுந்தெடுக்குற அத்தன பேரும் பாத்தோம். நீ ஒருத்திதான் பாக்கல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

"வட்டவளைக்கு நான் பேசுறேன். கொழும்புக்கு நீ பேசு."