பூ விழவில்லை

"குளிக்காத உடம்போட கரகத்தத் தொடுவியா? எட்டிப் போடா!"

பூசாரி தாண்டவராயன் ஊர் நடுவே கத்தியதும் மாதையன் தலை தொங்கிப்போனது. அவன் மனைவி சாந்தம்மாளுக்கோ வயிறு எரிந்தது.

மாதையனுக்கு முதுகுத்தண்டுக்குள் கட்டி. லட்சத்தில் ஒருவருக்கு வருவதாம். வேலூர் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்ததுபோக, மிச்சத்துக்கு கோபால்ட் மெஷினில் கதிர் பாய்ச்சுகிறார்கள்; ஊர்ப் பேச்சில் கரண்டு வைப்பது. கரண்டு படவேண்டிய இடத்தில், அவன் முதுகில், டாக்டர் ஊதா மையால் கட்டம் போட்டிருக்கிறார். முடியும்வரை அதில் தண்ணீர் படக்கூடாது, கண்டிப்பு. சனி, ஞாயிறு லீவு என்று மலைமேலிருக்கும் ஊருக்கு வந்திருந்தான்.

"இன்னும் எத்தினி நாளு கரண்டு?" பூசாரி உறுமினார்.

"பன்னெண்டு நாளு, சித்தப்பா."

"அதுவரைக்கும் திருவிழா நிக்குமா? அம்மன் பூ குடுத்தா வர்ற வெள்ளிக்கெழம கரகம். நீ தூக்கலன்னா அடுத்த வூட்டுக்குப் போய்டும்."

அடுத்த வீடு பூசாரியின் மருமகன் வீடு. சாந்தம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எங்கப்பன் தூக்கின கரகம். பூ வுழுந்தா ஓடையில முழுவிட்டு நானே தூக்குவேன்" என்றான் மாதையன்.

"கட்டம் அழிஞ்சா காலு வெளங்காமப் போய்டும்னாங்களேய்யா!"

அவள் கெஞ்சியது அவன் காதில் ஏறவில்லை.

அன்று அமாவாசை. பூசாரி அம்மன் கல்லின் உச்சியில் ஈரப் பூவை வைத்தார். தானாக விழுந்தால் திருவிழாவுக்கு உத்தரவு.

பூ விழவேணாம் தாயே என்று சாந்தம்மாள் வேண்டினாள். அப்படி வேண்டலாமா? அவளுக்குத் தெரியவில்லை.

காற்றடித்தது. புளிய இலை பொலபொலவென்று கொட்டியது. பூ அசையவே இல்லை.

"தீட்டு பட்டிருக்குது. அடுத்த அமாவாசைக்குக் கேப்போம்" என்று மாதையனை முறைத்துவிட்டு எழுந்தார் பூசாரி. எல்லாம் இவனாலதான் என்று முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது.

சாந்தம்மாள் மட்டும் நின்றாள். புருஷன் தப்பித்தான் என்று சந்தோஷப்படுவதா, அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று அழுவதா? ஒன்றும் புரியாமல், கும்பிட்டுவிட்டு அந்தப் பூவை எடுக்கப் போனாள்.

வரவில்லை. இழுத்தாள். அடியில் கட்டைவிரல் கனத்துக்குத் தேன்மெழுகு.

பின்னால் செருமல் சத்தம். பூசாரி நின்றிருந்தார்.

"மாமா, இது..."

"மாதையன்கிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா இப்பவே ஓடைக்குப் போய்டுவான்."