விழிப்புக் கோழி விருது

செவலைக் கோழியின் கூண்டுக் கதவு, ரகசிய நம்பரை அழுத்தினால்தான் திறக்கும். ஒருநாள் அதன் போன் அடித்தது.

"கூண்டுப் பாதுகாப்புத் துறையிலேருந்து பேசறோம் மேடம். உங்க கதவு இன்னைக்கு லாக் ஆயிடும். நம்பரைச் சொல்லுங்க."

"யாருகிட்ட கதை விடற? நரிக் குரல் எனக்குத் தெரியாதா? வைடா போனை!"

எதிர்முனையில் கைதட்டல் கேட்டது.

"பிரமாதம் மேடம்! நரி மாதிரி பேசி நாங்கதான் சோதிச்சோம். நூறு கோழியில நீங்க ஒருத்தர்தான் ஏமாறலை. உங்களுக்குத்தான் இந்த வருஷ விழிப்புக் கோழி விருது!"

பக்கத்துக் கூண்டு வாத்துக்கும் கேட்கட்டும் என்று கோழி ஸ்பீக்கரில் போட்டது.

"சான்றிதழ்ல போடணும். பேரு? எடை?"

"செவலை. ரெண்டரைக் கிலோ."

"யாருக்கும் சொல்லாம காப்பாத்தின நம்பர்?"

"நாலு... ஏழு... ரெண்டு... ஒண்ணு," என்றது கோழி. தப்பாக அச்சடித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னது.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. நரி சாக்கோடு நின்றது.

சாக்குக்குள் ஏற்கெனவே மூன்று கோழிகள் இருந்தன. செவலை உள்ளே வந்து விழுந்ததும் அதில் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உனக்கும் கொடுத்துட்டாங்களா? எனக்கு மட்டும்தான்னு சொன்னாங்களே!"