துரையின் இடது பூட்ஸ்

கொக்கி வழுக்கியது. பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி நேராகத் துரையின் இடது கால்மேல் போய் விழுந்தது.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். துரை அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

மேற்பார்வையாளர் அக்கா கையிலிருந்த, தாள்கள் செருகிய அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். துரையின் கால் ஒரு கவலை என்றால், அதில் இருந்த பூட்ஸ் அவளுக்கு இன்னொரு கவலை.

இரண்டு வருடம் மேசை மேசையாக அலைந்து, நகராட்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பூட்ஸ் அது. முனைக்குள் இரும்புத் தகடு வைத்தது. போன திங்கட்கிழமைதான் குழுவில் ஐந்து பேருக்கும் கொடுத்தாள்.

அவள் தலை மறைந்ததும் பூட்ஸ் லாரிக்குள் போகும், செருப்பு வெளியே வரும். இன்று சொல்லாமல் வந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். டிரைவர் அண்ணன் முதல் நான்கு பேர் காலிலும் செருப்பு. அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் மூடி விழுந்தது.

பூட்ஸோடு நின்றவன் துரை ஒருவன். அவன் காலே போய்விட்டதென்றால், இனி ஒருவரும் அந்த பூட்ஸைத் தொடக்கூட மாட்டார்கள்.

துரை என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, ரோட்டில் ஒட்டிக்கொண்டது. குழு முழுக்கச் செருப்பில் வேலை பார்த்த காலத்திலும் அவன் மட்டும் பழைய கான்வாஸ் ஷூவும் சாக்ஸுமாக வருவான். எந்த வெயிலிலும் கழற்ற மாட்டான். வேலை முடிந்து எல்லோரும் குழாயடியில் கால் கழுவ, அவன் கையை மட்டும் கழுவிக்கொண்டு நழுவிவிடுவான். பெரிய துரை என்று கிண்டல் செய்தால் சிரித்துக்கொள்வான்.

பூட்ஸுக்கு அளவெடுத்த அன்றும் ஷூவைக் கழற்றாமல் முரண்டு பிடித்தான். எட்டு என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். பாதுகாப்பு விதிகள் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால், ஒரு வரிகூடப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டான். ராப்பகலாக உட்கார்ந்து அவள் எழுதிய விதிகள். அன்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் ஆகலக்கா, விட்டுருங்க," என்று துரை இப்போது காலை இழுத்துக்கொண்டான்.

பூட்ஸின் முனையில் ஆழமாக ஒரு கீறல். தகடு நசுங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மண்டியிட்டு லேஸை அவிழ்த்தாள். பூட்ஸை உருவினாள். சாக்ஸை உருவினாள். எண்ணினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மறுபடியும் எண்ணினாள். டிரைவர் அண்ணன் குனிந்து எதிர்ப் பக்கத்திலிருந்து எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நான்குதான்.

அவள் சாக்ஸைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

சுண்டுவிரல் அளவுக்கு ஒன்று ரோட்டில் விழுந்தது.

டிரைவர் அண்ணன் ஆறடி ஆள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு லாரிச் சக்கரத்தின்மேல் சாய்ந்துவிட்டார்.

அவள்தான் அதை எடுத்தாள். ரத்தம் இல்லை. கனமும் இல்லை. இறுகச் சுருட்டி நூல் சுற்றிய காகிதம்.

நூலைப் பிரித்தாள். மேலே நகராட்சி முத்திரை, கீழே அவளுடைய கையெழுத்து. மூன்றாவது விதிக்கு அடியில் மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தது: 'பாதுகாப்புக் காலணி காலோடு பொருந்தியிருக்க வேண்டும். உள்ளே இடைவெளி இருக்கக் கூடாது.'

அப்போதுதான் அவள் அந்தக் காலை நிதானமாகப் பார்த்தாள். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடிப்போயிருந்தது. பல வருடம் பழசு.

"அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, நான் சேர்ந்தப்பவே போயிருச்சுக்கா," என்றான் துரை. "இதே மாதிரி ஒரு மூடி. அன்னிக்குச் செருப்பு. வெளியே சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாங்கன்னு பயந்து மூடி வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, இருந்த நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினான். நான்கும் சொன்ன பேச்சைக் கேட்டன.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு வருடம் சாக்ஸுக்குள் வெந்த பாதத்தைத் துரை எல்லோர் முன்னாலும் காற்றாட நீட்டி வைத்திருந்தான். அவனுக்கே அது பிடித்திருந்தது போல.

அவள் கீழே கிடந்த அட்டையை எடுத்து வந்தாள். அதிலிருந்து புதுத் தாள் ஒன்றை உருவி, மடித்து, சுருட்டி, பழைய நூலையே சுற்றினாள். விரல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் நீளம். கிழித்துச் சரிசெய்தாள்.

நிமிர்ந்தபோது சுற்றி ஒருவரையும் காணவில்லை. லாரிக்குப் பின்னால் தடதடவென்று ஏதோ உருளும் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் அண்ணன் தரை அதிர நடந்து வந்தார். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, எனக்கும் ஒரு தாள் குடுங்க. பூட்ஸ் கொஞ்சம் லூசா இருக்கு."