துடைத்த இலை

எந்த மரத்தில் பாம்பு ஏறாது என்று காக்கையும் மைனாவும் சேர்ந்து ஆராய்ந்து, ஒரே தேக்கிலையில் எழுதி வந்தன. சாயங்காலமானால் மைனா அதைத் துடைத்து, தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதிவிடும்.

இன்று மைனாவுக்கு முட்டையிடும் நேரம். இலையில் புங்கமரமும் இருந்ததால், அதன் பொந்தில் வைக்கோல் திணித்தாயிற்று. ஆனாலும் மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மரத்தைப் பற்றி ஏதோ துடைத்த ஞாபகம்.

"காக்கையண்ணே, புங்கமரத்துக்கு நீ முதல்ல என்ன எழுதினே?"

"அதைத்தான் துடைச்சிட்டியே, தாயி," என்ற காக்கை, கூட்டுக்கடியிலிருந்து ஒரு இலைக்கட்டை இழுத்துப் போட்டது. ஒவ்வொரு நாளும் துடைக்குமுன் அது எடுத்து வைத்த நகல்கள். மாற்றியது யார், எதற்கு என்றும் ஓரத்தில் எழுதியிருந்தது.

மைனா பரபரவென்று புரட்டியது.

"புங்கமரம். இரண்டு தரம் பாம்பு ஏறியது."

ஓரத்தில், "துடைத்தது மைனா. சொன்ன காரணம்: காக்கை எழுத்து கோணல்."