எல்லாவற்றுக்கும் வேண்டாம்

"ஒரு வரி கோடிங் எழுதினதில்ல. ஒரு பிழையைக்கூட திருத்தினதில்ல. ஓட்டுன்னா மட்டும் முதல் ஆளா வந்து நிக்கிறார். அதுவும் எப்பப் பார்த்தாலும் 'வேண்டாம்'தான். இந்த ஆளை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

நிங்ரும் படபடவென்று பொரிந்ததில், தெம்பே என்ற சோயா வறுவலை மென்றுகொண்டிருந்த பாயு அப்படியே நிறுத்திவிட்டான்.

சின்ன நூலகங்களுக்கு இலவசமாக மென்பொருள் செய்து தரும் தன்னார்வக் குழு அது. சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை. எதைச் சேர்ப்பது என்று மாதம் ஒருமுறை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் உள்ள இந்தக் காபிக் கடையில் கூடி, கைதூக்கி முடிவு செய்வார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட பாக் சுகெங், தன் தெருவில் ஒரு குட்டி நூலகம் நடத்துகிற பெரியவர்; 'பாக்' என்றால் அங்கே 'ஐயா' மாதிரி. அவர் பாட்டுக்குக் காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பார்கோடு வேணுமான்னு கேட்டா வேண்டாம். கைபேசியில ஓடணுமான்னு கேட்டா அதுவும் வேண்டாம். நான் செய்யறது எதுவுமே இவருக்குப் பிடிக்கல" என்றாள் நிங்ரும். நிஜமாகவே மனசு வலித்தது அவளுக்கு.

"எல்லாருக்கும் சேர்த்து ஒரு விதி போட்டுடலாம். ஓட்டுப் போடறவங்க அந்த வேலையில ஒரு பங்கு செய்யணும். முடியாதுன்னா ஓட்டு கிடையாது. சம்மதம்னா கை தூக்குங்க" என்று அவளே தொடர்ந்தாள்.

குழுவில் ஒருவரான லாரஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. பாயு கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டான். மற்றவர்களுக்கு மின்விசிறி அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

தூக்கியிருந்தது ஒரே ஒரு கை. பாக் சுகெங்கின் கை.

நிங்ரும் திகைத்துப்போனாள்.

"பாக், போகப்போறதே உங்க ஓட்டுதான். தெரியுமில்ல?"

"தெரியும்மா. நல்ல விதி. போடு."

"அப்ப இத்தனை நாளும் எல்லாத்துக்கும் ஏன் வேண்டாம்னீங்க?"

பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவங்க எல்லாரும் ஜோரா கை தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. அப்புறம் லீவு நாள்லகூட உக்காந்து செய்யறது நீ ஒருத்திதான். பார்க்கவே பாவமா இருக்கும். கூடமாட ஒத்தாசை பண்ணலாம்னா எனக்குக் கோடிங் வராதேம்மா. வேண்டாம்னு கை தூக்கத்தான் வரும்."