பழி ஏஜென்ட் மேல்

ஆஸ்பத்திரியின் மெயின்ஃப்ரேம் கணினியில் இருந்த ஆறு மாத நோயாளிப் பதிவுகளை ஏஐ ஏஜென்ட் ஒரே நொடியில் அழித்துவிட்டது. வெளியே சிகிச்சைக்கு வந்த கூட்டம் நெரிந்தது.

"முதல்ல அதை நிறுத்துங்க! ஏஜென்டாம் ஏஜென்ட்!" என்று மேனேஜர் கத்தினார்.

அதை இயக்கும் ஆபரேட்டர் மேனேஜரின் மேஜை அருகே வந்தார். வாயில்லாப் பூச்சியின் தலையில் பழியைக் கட்டிவிட்டு எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது?

"சார்... 'இதெல்லாம் அழியும், செய்யட்டுமா?'ன்னு அது எங்கிட்ட கேட்டுச்சு. நான்தான் படிக்காமலே 'சரி'யை அழுத்திட்டேன்."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. உங்க 'சரி' மட்டும் போதாதே, மேல இன்னொருத்தரும் கொடுத்தாத்தானே அது அழிக்கும்?" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சு நானும் அழுத்திட்டேன்."